போட்டோவில் தெரிந்த குளவி

1937, தை மாதம். திருவாதவூரில் காசிமாயனின் பருத்திக் காட்டு ஓரம் சைக்கிளைச் சாய்த்துவிட்டு ஓடி வந்தார், விவசாய இலாகா பக்கீர் முகமது.

"காசிமாயண்ணே, பயிர் பொழச்சிருச்சு! கோயமுத்தூர் விவசாயக் காலேஜுல இருந்து பதில் வந்திருச்சு."

காசிமாயனும் மனைவி மாயக்காளும் அவர் நீட்டிய போட்டோவைப் பார்த்தார்கள். பருத்தி இலையைத் தின்னும் புழு, பெரிதாகத் தெரிந்தது. அதன் முதுகில் அரிசி போல வெள்ளை வெள்ளையாக ஒட்டியிருந்தது.

"இது புழுவோட முட்டையில்ல. ஒரு சின்னக் குளவியோட கூடு. உள்ளேயிருந்து குளவி வந்து மத்தப் புழுவையெல்லாம் அழிச்சிரும். வெள்ளை ஒட்டுன புழுவை மட்டும் தொட்டுராதீக."

மாயக்காள் புருஷனைப் பார்த்தாள்.

"அதைத்தானய்யா இருபது நாளா ஒண்ணுவிடாமப் பொறுக்கி எரிச்சோம். முட்டை சுமக்குற தாய்ப்புழுன்னு."

"எந்த மடப்பய எரிக்கச் சொன்னான்?"

காசிமாயன் தலையைக் குனிந்துகொண்டார். மாயக்காள்தான் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"போட்டோ பிடிக்கன்னு புழு எடுத்துட்டுப் போனீகளே... அன்னைக்கு நீங்கதானய்யா சொன்னீக."

பக்கீர் முகமது குனிந்து ஒவ்வொரு செடியாகப் புரட்டினார். இலைகளெல்லாம் சல்லடையாகிக் கிடந்தன. எந்தப் புழுவின் முதுகிலும் வெள்ளை இல்லை.