மூன்றாவது மாடிக்கு மேலே

"சத்தமே வரக் கூடாதும்மா. பக்கத்துல நிக்கிறவனுக்குக்கூடக் கேட்கக் கூடாது."

கடைக்காரம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த ஆள் எப்போது உள்ளே வந்தார் என்றே தெரியவில்லை. கதவு திறந்த சத்தமும் இல்லை, காலடிச் சத்தமும் இல்லை. அந்த நிமிஷமே மனசுக்குள் அவருக்குப் 'பூனை' என்று பேர் வைத்துவிட்டாள்.

அவர் மேஜைமேல் வைத்தது ஒரு பழைய பெயிண்ட்பால் துப்பாக்கி. சாய உருண்டைகளால் ஒருத்தரை ஒருத்தர் அடித்து விளையாடுவார்களே, அதுதான். அதை விற்பதும் பழுது பார்ப்பதும்தான் அவள் பிழைப்பு. விளையாட வருகிற பிள்ளைகள் காது கிழிகிற மாதிரி வெடிக்கணும் என்று கேட்பார்கள். சத்தமே வேண்டாம் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

"இதுல இருக்கறது கேஸ் டேங்க் அண்ணே. குளிர்ல சோர்ந்து போயிடும், உருண்டை பாதியிலேயே விழுந்துடும். காத்து டேங்க்கும் புது வால்வும் போட்டா சத்தமும் அடங்கும், உயரமும் போகும்."

"உயரம்தாம்மா வேணும். விடியறதுக்கு முன்னாடிதான் எனக்கு வேலை. அப்ப ரொம்பக் குளிருது."

"அந்த நேரத்துல எங்க விளையாடறீங்க?"

"விளையாடலம்மா." அவர் சிரிக்கவில்லை. "ஏரிக்கரையில புதுசா கண்ணாடிக் கட்டடம் வந்திருக்கே, அங்க."

ஏரிக்கரையில் மரத்துக்கு மரம் பறவைகள். அப்போதுதான் கவனித்தாள். அவர் சட்டைக் கை மடிப்பில் ஒரு சின்ன இறகு ஒட்டிக்கொண்டிருந்தது. கட்டைவிரல் நகத்தடியில் ரத்தம் காய்ந்திருந்தது.

"இன்னொரு டேங்க்கும் இருக்கு, அது ஆகுமான்னு பாருங்க" என்று பையைத் திறந்தார்.

உள்ளே வரிசையாகக் காகிதத்தில் சுற்றிப் படுக்க வைத்திருந்தார். குருவிகள். காகிதம் விலகிய ஒன்றின் கண் திறந்திருந்தது, அவளையே பார்ப்பது போல. அவர் அவசரமே இல்லாமல் காகிதத்தை இழுத்து, தூங்குகிற குழந்தைக்குப் போர்த்துவது போல அதன் முகத்தை மூடினார்.

கொல்வதையும் கொன்றுவிட்டு, போர்த்தி வேறு விடுகிறானே மனுஷன்.

"அண்ணே, இப்பதான் பார்த்தேன்" என்று துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற மாதிரி நடித்தாள். "இதுக்குப் புது வால்வு சேராது. மரையே வேற. காத்து டேங்க்கும் ஏறாது. எந்தக் கடைக்குப் போனாலும் இதைத்தான் சொல்வாங்க."

அவர் பையை மூடித் துப்பாக்கியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு, வந்த மாதிரியே சத்தமில்லாமல் போய்விட்டார்.

உள்ளே வேலையாக இருந்த புருஷன் தலையை நீட்டினான். "போன வாரம் இதே மாதிரி இன்னொரு துப்பாக்கிக்கு நான்தானே வால்வு மாட்டினேன்? வந்த வியாபாரத்தை ஏன் காலால எட்டி உதைக்கிற?"

"அந்தப் பாவத்துல நமக்குப் பங்கு வேண்டாங்க. பை நிறைய செத்த குருவி வச்சிருக்கான்."

"அடப்பாவி! அப்ப நீ பண்ணினதுதான் சரி."

சரியான காரியம் பண்ணிவிட்டோம் என்று அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. ஆனால் எந்த வேலையை எடுத்தாலும் அந்தத் திறந்த கண் முன்னால் வந்து நின்றது. பழைய டேங்க்கை வைத்தே அவன் அடிப்பானே? கையும் களவுமாகப் பிடித்துப் போலீசில் கொடுத்தால்தான் மனசு ஆறும் என்று முடிவுகட்டினாள்.

மறுநாள் விடிவதற்கு முன்பே ஏரிக்கரைக்குப் போனாள். மெல்லிய பனி, மங்கலான நிலா வெளிச்சம். கட்டடம் நிற்கிற இடத்தில் கட்டடமே தெரியவில்லை. கண்ணாடியில் இன்னொரு ஏரி, இன்னொரு மரக்கூட்டம், இன்னொரு வானம்தான் தெரிந்தன. அதன் அடியில் பூனை நின்றுகொண்டிருந்தார். துப்பாக்கியைத் தூக்கினார். அவள் போனை எடுத்துப் படம் பிடிக்கத் தயாரானாள்.

'டப்' என்றது. கண்ணாடிமேல் மஞ்சளாக ஒரு பொட்டு விழுந்தது. பக்கத்தில் இன்னொன்று. முதல் மாடி, இரண்டாவது, மூன்றாவது என்று பொட்டுப் பொட்டாக ஏறிக்கொண்டே போனது. அதற்கு மேலே அடித்த உருண்டைகள் எட்டாமல் தளர்ந்து கீழே விழுந்தன.

கிழக்கு வெளுத்தது. மரங்களிலிருந்து குருவிகள் கூட்டமாகக் கிளம்பின. தாழப் பறந்தவை மஞ்சளைக் கண்டதும் சட்டென்று விலகிக்கொண்டன. உயரே பறந்த ஒன்று கண்ணாடிக்குள் தெரிந்த வானத்துக்குள் நேராகப் போனது.

'தொப்.'

காலடியில் விழுந்ததை அவர் குனிந்து எடுத்துக் காகிதத்தில் சுற்றினார். அவளைப் பார்த்தும் திடுக்கிடவில்லை.

"இந்தக் கண்ணாடியெல்லாம் என் கையால மாட்டினதும்மா. வானம்னு நினைச்சு வந்து மோதுதுங்க. முதலாளிகிட்ட சொல்லிப் பார்த்தேன், பொட்டு வச்சா அழகு கெட்டுடும்னுட்டார். பகல்ல கழுவிடறாங்க. காவலாளி முழிக்கறதுக்குள்ள மறுபடியும் நான் வச்சிடறேன்."

மேலே இன்னொரு 'தொப்'. அவள் போனைக் கீழே இறக்கினாள்.

"மேல... மேல மாடிக்கெல்லாம் அடிக்க மாட்டீங்களா அண்ணே?"

"எட்டலையேம்மா" என்றார் அவர், குறை சொல்கிற குரலே இல்லாமல். "புது வால்வு இதுக்குச் சேராதுன்னு நீங்கதானே சொன்னீங்க."