கை தவறுதாம்!

“இந்தச் செயற்கைக் கையைப் பொருத்துனதுலேர்ந்து வீட்டுல ஒரு தட்டு மிஞ்சல மேடம். கழுவப் போனாலே டமால்! இப்ப பாத்திரம் கழுவுறது நான்தான்” என்று பொரிந்து தள்ளினார் கணவர்.

மனைவி பாவமாகத் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டாள்.

கையை வடிவமைத்த இன்ஜினீயர் பெண் ஒரு முட்டையை நீட்டினாள். செயற்கை விரல்கள் அதைப் பூப்போல எடுத்துக் கிண்ணத்தில் வைத்தன. அடுத்து, சோப்பு தடவிய கண்ணாடித் தம்ளர். அதுவும் நழுவவில்லை.

“இங்க மட்டும் சமத்தா இருக்கு பாருங்க!” என்ற கணவர், போன் வரவே வெளியே போனார்.

இன்ஜினீயர் குரலைத் தாழ்த்தினாள். “அக்கா, கை அம்சமா வேலை செய்யுது. அப்புறம் எப்படித் தட்டு உடையுது?”

“அது மேல பழி போடாதம்மா. எல்லாத்தையும் போட்டது இதுதான்” என்று தன் நிஜமான இடது கையைத் தூக்கிக் காட்டினாள் மனைவி. “இருபது வருஷமா கழுவின கை. அதுக்கும் ரெஸ்ட் வேணாமா?”

கணவர் திரும்பி வந்தார். “என்ன மேடம் கோளாறு?”

“ரொம்ப நேரம் ஈரத்துல இருந்தா தகராறு பண்ணும் சார். அக்கா இனிமே பாத்திரம் பக்கமே போகக் கூடாது.”

அவர் முணுமுணுத்தபடி முன்னால் நடக்க, மனைவியின் காதருகே பெருமூச்சு விட்டாள் இன்ஜினீயர்.

“குடுத்து வெச்சவங்க அக்கா நீங்க. எனக்கு ரெண்டும் நிஜக் கை!”