முதல் பாடம்

"அடுத்த மாசத்துலேர்ந்து பொருளாதார வகுப்பு கிடையாது, டீச்சர்," என்றார் தலைமையாசிரியர் எர்கின், தேநீர்க் கிண்ணத்தை நகர்த்தியபடி.

நூர்ஜமால் அதைத் தொடவில்லை. கிர்கிஸ்தானின் நாரின் ஊரில் பனி விழத் தொடங்கியிருந்தது. இந்த ஊரில் பொருளாதாரம் நடத்த இருந்ததே இந்த ஒரு பள்ளிக்கூடம்தான்.

"பிள்ளைங்களுக்கு யாரு சார் சொல்லித் தருவா?"

"இன்டர்நெட்ல மொத்தப் பாடமும் இருக்கே! நம்ம கிர்கிஸ் மொழியிலேயே, சல்லிக்காசு செலவில்லாம. வாத்தியாரே இல்லாத மலையூர் ஸ்கூல்ல எல்லாம் இதத்தான் போடறாங்களாம்."

"அந்தப் பாடத்தை நீங்க கேட்டுப் பாத்தீங்களா?"

"எனக்கெங்க நேரம்? மேலிடத்துல ஆகா ஓகோங்கறாங்க. சும்மா கிடைக்கறதுக்கு யாராவது சம்பளம் கொடுப்பாங்களா? பொருளாதாரம் படிச்சவங்க, நீங்களே சொல்லுங்க."

எர்கின் தன் கிண்ணத்தை எடுத்து ஒரு வாய் குடித்தார்.

"யாரோ நல்ல மனசுக்காரி. முகமும் காட்டல, பேரும் போடல. கரும்பலகையும் எழுதற கையும் மட்டும்தான் தெரியுதாம். அல்லா அவங்களுக்கு நீண்ட ஆயுசைக் கொடுக்கட்டும். யாருன்னு தெரிஞ்சா சொல்லுங்க, கூப்பிட்டுப் பட்டு அங்கி போர்த்தி மரியாதை பண்ணுவோம்."

நூர்ஜமால் விரல்களில் ஒட்டியிருந்த சாக்பீஸ் தூளைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"எனக்குத் தெரியும் சார். அங்கியெல்லாம் வேணாம், வேற வேலை எதுவும் இருந்தா சொல்லுங்க. இன்னிக்குத்தான் அவங்களுக்கு வேலை போச்சு."