புறொசசர் பழுது

"திரும்பவும் பீப் பீப் எண்டு கத்துது. ஸ்கிரீனில ஒண்டும் வருகுதில்லை. ஒருக்கா வாங்கோவன்," என்றாள் பிரஷாந்தி தொலைபேசியில்.

மன்னார் டவுனில் கணினி திருத்தும் சாந்தரூபன் கையிலிருந்த வேலையை அப்படியே போட்டான். இந்த முறை அது கத்துவதற்கு நியாயமே இல்லை.

முதல் தடவை வந்தது உண்மையான பழுதுதான். பழைய கணினி, உப்புக் காற்றில் அதன் நினைவகத் தகடு, றாம், கறுத்துப்போயிருந்தது. அழிறப்பரால் தேய்த்துச் செருகினான், வேலை செய்தது.

அதற்குப் பிறகு வந்ததெல்லாம் அவன் கைவேலை. மூடும்போது றாமின் ஒரு பக்கத்தை லேசாகக் கிளப்பிவிடுவான். கொஞ்ச நாள் ஓடும், பிறகு கத்தும். கேட்டால், "புறொசசர் பழசு, சூடேறுது," என்று வாய் கூசாமல் சொல்வான். எல்லாம் அவள் பக்கத்தில் நின்று கதைக்கும் அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான். கூலி மட்டும் வாங்கமாட்டான். அந்தளவுக்கு மனச்சாட்சி இருந்தது.

அவளுடைய தகப்பன் செபஸ்தியாம்பிள்ளை கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு அவன் கையையே பார்த்தபடி இருப்பார். அவரைக் கண்டாலே இவனுக்கு வேர்த்துக் கொட்டும்.

போன முறை பிரஷாந்தி அழுதேவிட்டாள். இந்தியாவில் அகதி முகாமிலிருந்து திரும்பிவந்த சனத்துக்கு விண்ணப்பங்கள் ரைப் பண்ணிக் கொடுத்துத்தான் அந்த வீட்டில் உலை கொதித்தது. "இது செத்துப்போனா நாங்கள் என்ன செய்யிறது?" என்றாள்.

அவனுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. றாமை இரண்டு பக்கமும் இறுக்கிப் பூட்டினான். இனி இந்த வீட்டுப் படி மிதிப்பதில்லை என்று முடிவும் கட்டினான்.

ஒரு மாதம் கழிந்து இப்போது அது கத்துகிறது. கழற்றிக் கழற்றி மதர்போட்டை உண்மையாகவே சாகடித்துவிட்டேனா? அவளுடைய ஊரான விடத்தல்தீவு போய்ச் சேரும்வரை மோட்டார் சைக்கிளில் இதே நினைப்புத்தான்.

கணினிப் பெட்டியைத் திறந்தான். றாம் கழன்று அடியில் கிடந்தது. அதைப் பிடித்திருக்கும் இரண்டு பக்கக் கொழுக்கியும் விரியத் திறந்திருந்தன. கொழுக்கியும் தேய்ந்துவிட்டது, எல்லாம் நான் செய்த பாவம் என்று கலங்கினான்.

பிரஷாந்தி தேத்தண்ணி போட உள்ளே போனாள். தகப்பன் மட்டும் வழக்கம்போல் கதிரையில் இருந்தார். அதற்கு மேல் அவனால் தாங்க முடியவில்லை.

"ஐயா, புறொசசர் பழுதில்லை. இவ்வளவு நாளும் நான்தான் வேணுமெண்டு கழட்டிவிட்டனான். என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ. வேற மிஷின் நான் கொண்டுவந்து தாறன்."

செபஸ்தியாம்பிள்ளை கதிரையை இன்னும் கிட்ட இழுத்தார். குசினிப் பக்கம் ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அது எனக்கு எப்பவோ தெரியும் தம்பி. நீர் வராமல் விட்டதில இருந்து பிள்ளை ஒழுங்காச் சாப்பிடுறேல்லை."

"ஐயா...?"

"அதுதான் இந்த முறை நான் கழட்டினனான்."