பனியில் தேடும் பாடம்

கிரெய்கிபர்ன் வீட்டின் பின்வளவில், மணலுக்குள் புதைத்துவைத்த சிக்னல் கருவியை இன்னொரு கருவியால் தேடித் தோண்டிக்கொண்டிருந்தான் முனவ்வர். பனிச்சரிவில் புதைந்தவரை மீட்கும் பயிற்சி அது.

கொழும்பிலிருந்து வந்திருந்த மாமிக்குப் பொறுக்கவில்லை.

"ஆளில்லாத மலையில பனிச்சறுக்குக்குப் போறீங்களாம். என்ட மகள நெனச்சுப் பார்த்தீங்களா, மருமகன்?"

"அவவ நெனச்சுத்தான் பழகுறன், மாமி."

"உங்களுக்கு ஒண்டு நடந்தா ரினோசா என்ன செய்வாள்?"

"மாமி, எனக்குச் சறுக்கவே பயம். ரினோசாதான் சறுக்குறவ. அவவ பனி மூடினா, வெளியால இருந்து ஆள் வரும்வரைக்கும் மூச்சுத் தாங்காது. கூடப் போறவர்தான் தோண்டி எடுக்கணும். அதுதான் விழுந்தெழும்பியாவது பின்னால போறன்."

மாமி கிட்ட வந்து, அவன் தோண்டிய குழியை எட்டிப் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார்:

"இப்பிடி ஆறுதலா, மெதுவாவா தோண்டுற, மகன்? கெதியா, கெதியா!"