திருப்பாத பக்கம்

"எத்தனை பக்கம் எழுதாம விட்டே?"

"ஆறு."

ஹுய் பெங் குடிக்க எடுத்த காப்பியைக் கீழே வைத்துவிட்டாள். வினாத்தாளில் மொத்தமே பதினாலு பக்கம். அதில் ஆறை அப்படியே விட்டுவிட்டு வந்து, அவள் மகள் ஜியா லின் ஒன்றுமே நடக்காத மாதிரி காப்பிக் கடையில் உட்கார்ந்து, கோழிச்சோற்றிலிருந்து வெள்ளரிக்காயைத் தனியாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். வயது ஒன்பது.

காலையில் கணக்கு, மத்தியானம் ஆங்கிலம். இரண்டிலும் தேறினால்தான் மீத்திறன் வகுப்பில் இடம். சிங்கப்பூரில் இருக்கிற கெட்டிக்காரப் பிள்ளைகளையெல்லாம் சலித்து, படு கெட்டிக்காரர்களை மட்டும் எடுக்கிற தேர்வு. இரண்டு வருஷமாக ஹுய் பெங்குக்கு வேறு நினைப்பே கிடையாது. மகள் கணக்குப் போடும் வேகத்தைப் பற்றி அவள் பெருமையடிக்காத ஆள் அந்த வட்டாரத்தில் பாக்கியில்லை. மின்தூக்கியில் உடன் ஏறியவர்கள்கூடத் தப்பியதில்லை.

"வயித்து வலியா?"

"இல்லமா."

"தலை சுத்துச்சா? காலைல குடுத்த கோழிச்சாறு சேரலையோ?"

"அதெல்லாம் இல்ல."

"அப்ப கணக்கு கஷ்டமா இருந்துச்சா?"

"ஈஸிமா."

பயம் போய் எரிச்சல் வந்தது ஹுய் பெங்குக்கு. "ஈஸியா? வீட்ல இதைவிடப் பெரிய தாளை அரை மணியில முடிச்சுட்டு டிவி கேப்பே. இங்க வந்து என்ன கேடு உனக்கு?"

ஜியா லின் வெள்ளரிக்காயைத் தட்டின் ஓரத்தில் வரிசையாக அடுக்கினாள்.

"பக்கத்து மேசையில ஒரு பையன் இருந்தான்மா. வேற ஸ்கூல். நான் பக்கத்தைத் திருப்பும்போதெல்லாம் என் தாளைப் பாப்பான், அப்புறம் அவன் தாளைப் பாப்பான், அழுவான்."

"அழுதானா?"

"சத்தம் வராம. மூக்கு மட்டும் ஒழுகும். நான் மெதுவாத் திருப்பிப் பாத்தேன். அப்பவும் அவனுக்குக் கேட்டுருச்சு. அதனால திருப்புறதை நிறுத்திட்டேன். கொஞ்ச நேரத்துல அவன் அழுகையை நிறுத்திட்டு எழுத ஆரம்பிச்சுட்டான்."

"நீ?"

"சும்மா உக்காந்திருந்தேன்."

அழுவதா அடிப்பதா என்று தெரியவில்லை ஹுய் பெங்குக்கு. ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருப்பதையே மறந்து இரண்டு வருஷம் பாடுபட்டது, யாரோ ஒரு மூக்கொழுகிப் பையனுக்காகப் போய்விட்டது.

"இதபாரு. அவன் அழுதா அவனைப் பெத்தவ பாத்துக்குவா. மத்தியானம் நீ பக்கத்தைத் திருப்புறே. ஹால் முழுக்கக் கேக்குற மாதிரி திருப்புறே. புரிஞ்சுதா?"

"ம்."

அந்த 'ம்' எதற்கும் ஆகாது என்று பெற்றவளுக்குத் தெரியும். இன்னும் ஒரு மணி நேரத்தில் அடுத்த தாள். இவள் அங்கேயும் போய் சும்மா உட்கார்ந்துவிட்டால்?

"அட, இங்கதான் இருக்கீங்களா?"

அடெலின். காலையில் பள்ளிக்கூட வாசலில் பழக்கமானவள். 'நாங்க டியூஷனே வைக்கலை' என்று இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் கூசாமல் புளுகிக்கொண்டவர்கள். இப்போது அவள் முகம் பூரித்துக் கிடந்தது. கையைப் பிடித்தபடி அவள் மகன் ரேடன் நின்றான். மூக்கு நுனி சிவந்திருந்தது.

ஜியா லின் தலையைத் தட்டுக்குள் இறக்கிக்கொண்டாள்.

"பூரா தாளையும் முடிச்சுட்டான் இவன். எனக்கே நம்ப முடியல. பரீட்சைன்னா வாந்தி எடுக்குறவன். போன வருஷம் பாதியிலேயே எந்திரிச்சு ஓடி வந்துட்டான். சொல்லுடா அண்ட்டிகிட்ட, இன்னிக்கு எப்படி எழுதுனேன்னு."

"மொதல்ல பயந்துட்டேன் அண்ட்டி," என்றான் பையன். "பக்கத்துல ஒரு பொண்ணு சரக் சரக்னு திருப்பிக்கிட்டே போனா. அப்புறம் அவளே மாட்டிக்கிட்டா. கடைசி வரைக்கும் ஒரே பக்கம். அவளுக்கே வரலைன்னா எனக்கு ஒண்ணு ரெண்டு வராட்டி என்னன்னு தோணுச்சு. அப்படித் தோணினதும் எல்லாம் வந்துருச்சு. மத்தியானம் எனக்குப் பயமே இல்ல."

"பாவம் அந்தப் பொண்ணு." அடெலின் சிரித்தாள். "மந்தமான பிள்ளையை எல்லாம் கொண்டாந்து இதுல உக்கார வெச்சிடுறாங்க பாருங்க. பெத்தவங்களுக்குத் தெரிய வேணாமா?"

பையன் தாயின் சட்டையை இழுத்தான். ரகசியம் என்று நினைத்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்.

"மம்மி, இவதான் அது."

அடெலினின் சிரிப்பு பாதியில் நின்றது. காது வரை சிவந்துபோய், எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கோழிச்சோற்றைப் பார்த்தாள்.

ஹுய் பெங்குக்கு உடம்பெல்லாம் கொதித்தது. நாக்கு நுனியில் பதில் வந்து நின்றது. உன் பிள்ளை அழுததால்தான் என் பிள்ளை நிறுத்தினாள். இது ஒன்றைச் சொன்னால் போதும். அதற்குப் பிறகு அடெலின் முகம் போகிற போக்கைப் பார்க்க அவளுக்கு ஆசையாகவே இருந்தது.

ரேடன் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். சற்று முன் இருந்த தைரியம் அந்த முகத்தில் குறைய ஆரம்பித்திருந்தது. மேசைக்கு அடியில் ஒரு சின்னக் கை வந்து ஹுய் பெங்கின் முழங்காலை அழுத்திப் பிடித்தது.

"ஆமாங்க," என்றாள் ஹுய் பெங். "எங்க ஜியா லின்னுக்குக் கணக்கு கொஞ்சம் மெதுவாத்தான் வரும்."