துருப்பிடிக்காத ஆணிகள்

அந்தச் செம்மண்ணின் இரும்புக்கே குன்சோவின் மெட்டல் டிடெக்டர் விட்டுவிட்டு முனகியது. போதாததற்குத் தோண்டிய இடமெல்லாம் ஆணி.

“இங்க ஒண்ணும் இல்லடா. டான்யூப் ஆத்துக் கரைப்பக்கம் போலாம் வா,” என்றான் கூட வந்திருந்த ரங்கேல், மூன்றாவது தடவையாக.

“ஆணியில துருவே ஏறலை பாரு. இங்க பழைய காசு இருக்குன்னு தெரிஞ்ச எவனோதான், அடுத்தவன் மெஷின் குழம்பட்டும்னு தூவியிருக்கான்,” என்றான் குன்சோ.

ரங்கேல் குனிந்து, கட்டியிருந்த பூட்ஸ் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினான்.

குன்சோ மண்டியிட்டு ஆணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினான். மதியத்துக்குள் மெஷின் அடங்கி, ஒரே ஒரு தடவை தெளிவாக ஒலித்தது. வெள்ளிக்காசு.

அதை ரங்கேலின் உள்ளங்கையில் வைத்தான்.

“காசை நீ வச்சுக்க. ஆணிங்களை நான் எடுத்துக்கறேன். போன மாசம் எனக்குக் கூரை போட ஒத்தாசைக்கு வந்தியே, அன்னைக்குக் காணாமப்போன ஆணி டப்பாவுல இருந்ததுதான் இதெல்லாம்.”